சத்தம் போடாத ரேடார்

செப்டம்பர் 6

அன்புள்ள சகலைக்கு,

இங்க நாங்க மூணு பேரும் சௌக்கியம். அக்காவுக்கு முழங்கால் வலி வந்து வந்து போகுது. வலியைவிட அதைப் பத்தி அவ பேசுறதுதான் ஜாஸ்தி. நீங்க எப்படி இருக்கீங்க, சாப்பிடுறீங்களா, தூங்குறீங்களான்னு கேட்டு எழுதச் சொன்னா.

போன் போட்டா நீங்க எடுக்கறதில்ல. கோவம் இல்ல. உங்க வீட்டுக்காரி சின்னவ ஆஸ்பத்திரியில போனதுலேருந்து மணி அடிச்சாலே உங்களுக்கு ஆகறதில்லைன்னு அக்கா சொல்றா. அதான் பேனாவைத் தூக்கிட்டேன். தபால் மூட்டை எப்படியும் என் படகுலதான் மறுகரைக்குப் போகணும். என் கடுதாசியை நானே சுமந்துட்டுப் போறேன்.

உங்க பொண்ணு, நம்ம பொடிசு, பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சாச்சு. உங்ககிட்ட இருந்தா பக்கத்துத் தெருவிலேயே பள்ளிக்கூடம். எங்ககிட்ட விட்டதால தண்ணி தாண்டித்தான் போகணும். காலையில முதல் நடையில என்கூடவே வரா. என்ஜின் பெட்டி மேல உக்காந்துக்கிட்டு, ஏறுறவங்களை எல்லாம் "உள்ள தள்ளி உக்காருங்க"ன்னு அதட்டுறா. டிக்கெட் மட்டும்தான் இன்னும் கிழிக்கல.

விஷயம் இதுதான். போன வாரம் விடிகாலையில மூடுபனி. நடுவுல கப்பல் போற பாதையைத் தாண்டிட்டு இருக்கேன், பக்கத்துலேருந்து ஊதல் சத்தம். எந்தப் பக்கம்னு தெரியல. என்ஜினை அணைச்சுட்டு நின்னேன். அப்புறம் அலை மட்டும் வந்து எங்களைத் தூக்கிப் போட்டுது. எது போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. படகுல பொடிசு இருந்தா. பனிக்காலம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

ஒரு ரேடார் மாட்டணும் சகலை. கடைக்காரன் தனித் திரையோட பெரிய செட்டா காட்டுறான். என்கிட்ட ஒரு லேப்டாப் சும்மா கிடக்கு. அதுலேயே ரேடார் படம் வருமா, வந்தா எதை வாங்கறது? கருவி கருவின்னு படிச்சவர் நீங்கதான். பார்த்துச் சொல்லுங்க. முடிஞ்சா நீங்களே வந்து மாட்டிக் குடுங்க.

அன்போட,
உங்க சகலை


செப்டம்பர் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். சாப்பிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லுங்கள். அக்காவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம் என்று எங்கள் தொழிற்சாலை நர்ஸ் சொல்கிறார்.

லேப்டாப்பில் ரேடார் படம் வரும். ஆனால் எல்லா ரேடாரும் லேப்டாப்போடு பேசாது. பல கம்பெனிகள் தங்கள் திரையைத் தவிர வேறு எதற்கும் படத்தைக் கொடுப்பதில்லை. கடைக்காரர் "ஓடும் சார், எல்லாத்துலயும் ஓடும்" என்பார். கேட்காதீர்கள். நான் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

எனக்குச் சில விவரங்கள் வேண்டும். கூரைக்கு மேலே கம்பம் நட இடம் இருக்கிறதா? பேட்டரி எவ்வளவு பழசு? லேப்டாப்பை வைக்கும் இடத்தில் தண்ணீர் தெறிக்குமா? கப்பல் பாதையைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகிறது? அந்தப் பாதையில் பெரிய கப்பல்கள் மட்டும்தானா, சின்னப் படகுகளும் உண்டா? இரும்புப் படகா, மரப் படகா? மரம் ரேடாரில் சரியாகத் தெரியாது.

அலை தூக்கிப் போட்டது என்று எழுதியிருந்தீர்கள். அப்போது அவள் எதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்?

லைஃப் ஜாக்கெட் அவள் அளவுக்கு இருக்கிறதா? பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டிவிட்டால் போதாது. தண்ணீரில் தலை வழியாகக் கழன்றுவிடும்.

இப்போது வர இயலாது. வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
சகலை


செப்டம்பர் 28

அன்புள்ள சகலைக்கு,

உங்க கடுதாசி பரீட்சைக் கேள்வித்தாள் மாதிரி இருந்துச்சு. உக்காந்து விடை எழுதறேன், மார்க் பார்த்துப் போடுங்க. சொந்தக்காரன்னு சலுகை வேண்டாம்.

கம்பம் நட இடம் இருக்கு. பேட்டரி போன வருஷத்தது. லேப்டாப்பை கேபினுக்குள்ள வலது பக்கம் வைப்பேன், தண்ணி தெறிக்காது. அக்கா துணி காயப்போட்டாத்தான் சொட்டும். கப்பல் பாதையைத் தாண்ட ஒரு பத்து நிமிஷம். பெரிய கப்பலுக்கு நான் பயப்படல, அது ஊதிக்கிட்டே வரும். மணல் ஏத்திட்டு வர பார்ஜ் இருக்கு பாருங்க, அதுதான் எமன். விளக்கு இருந்தா ஊதல் இருக்காது, ஊதல் இருந்தா ஆள் தூங்கிட்டு இருப்பான். மரப் படகுங்க நிறைய உண்டு.

பொடிசு அன்னைக்கு என் காலைப் பிடிச்சுட்டு இருந்தா. பேண்ட் கிழிஞ்சுது. அவ பயப்படல, நான்தான் பயந்தேன். அவ அளவுக்கு ஜாக்கெட் மறுகரையில வாங்கியாச்சு. மஞ்சக் கலர். வீட்டுலயும் கழட்ட மாட்டேங்கறா. நேத்து அதோடயே தூங்கினா.

முன்பல் ஒண்ணு விழுந்துடுச்சு. "அப்பாவுக்கு எழுதட்டுமா?"ன்னு கேட்டேன். "அப்பாவுக்கு வேலை இருக்கு"ன்னா. இதை எழுத வேண்டாம்னுதான் அக்கா சொன்னா. எழுதிட்டேன்.

கடைக்காரன் நேத்தும் வந்தான். கம்பியே இல்லாத ரேடாராம், கைப்போன்லேயே படம் வருமாம். "ஈரக் கையில போனைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையில ஸ்டீயரிங்கா? எனக்கென்ன மூணு கையா?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டான். சீக்கிரம் சொல்லுங்க. காலையில தண்ணி மேல புகை மாதிரி எழும்ப ஆரம்பிச்சுடுச்சு.

அன்போட,
உங்க சகலை


அக்டோபர் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ரேடாரைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். மூன்று வகைகளைப் பார்த்தேன். நாற்பது மைல் வரை பார்க்கக்கூடிய ஒன்று இருந்தது. அவ்வளவு தூரத்தில் இருக்கும் கப்பலை வைத்துக்கொண்டு உங்களுக்கு என்ன லாபம்? பழைய மாதிரி ரேடார்கள் தூரத்தைப் பார்க்கும், மூக்குக்கு முன்னால் இருப்பதைப் பார்க்காது. உங்களுக்குப் பக்கத்தில் வருவதுதான் ஆபத்து. அதனால் தூரம் குறைவானாலும் கிட்டத்தில் துல்லியமாகக் காட்டும் புது மாதிரியை எடுத்தேன். மின்சாரமும் குறைவாகத்தான் இழுக்கும். இது தன் படத்தை ஒரு கேபிள் வழியாக நேராக லேப்டாப்புக்கு அனுப்பும். கடல் வரைபடத்தின் மேலேயே ரேடார் படம் விழும். அதற்குப் படகின் மூக்கு எந்தப் பக்கம் என்று லேப்டாப்புக்குத் தெரிய வேண்டும். ஒரு மின்திசைகாட்டியும் வைத்திருக்கிறேன். உங்கள் லேப்டாப் வேண்டாம். உப்புக்காற்றுக்குத் தாங்கும் கெட்டியான ஒன்றை வாங்கி, தேவையான மென்பொருள் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டேன்.

மொட்டை மாடியில் வைத்துச் சோதித்தேன். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, "டிஷ்ஷா தம்பி? எத்தனை சேனல் வருது?" என்றார். ஒன்றுதான் என்றேன். "நல்ல சேனலா?" என்றார்.

மாட்டும் விதத்தைத் தனித்தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு விஷயங்களை மட்டும் மாற்றினேன். திரையில் ஒரு கோடு ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அது அழகுக்குத்தான், கண்ணுக்குச் சிரமம். அதை மறைத்துவிட்டேன். படகைச் சுற்றி ஒரு வளையம் போட்டு, அதற்குள் எது வந்தாலும் பீப் பீப் என்று கத்துகிற வசதியும் உண்டு. மரக்கட்டை மிதந்தாலும் கத்தும், கேபினுக்குள் யாரும் இருக்க முடியாது. எல்லாச் சத்தத்தையும் அணைத்துவிட்டேன். படம் மட்டும் அமைதியாக இருக்கும். பார்த்து ஓட்டினால் போதும்.

பார்சல் இந்த வாரம் வந்துவிடும். தொழிற்சாலையில் ஆள் குறைவு. நான் வருவதற்கில்லை.

பல் முளைக்கிறதா?

இப்படிக்கு,
சகலை


நவம்பர் 2

அன்புள்ள சகலைக்கு,

வெள்ளைப் பானை மாதிரி உங்க ரேடார் வந்து சேர்ந்துச்சு, கூரை மேல ஏறியும் உக்காந்துடுச்சு! நீங்க போட்ட படத்தைப் பார்த்துட்டு மறுகரைப் பட்டறை மெக்கானிக், "இதை எழுதினவர் எங்க வேலை பாக்கறார்? எனக்கு ஒருத்தர் தேவைப்படுது"ன்னார். என் சகலைன்னு சொன்னதும் எனக்கும் கொஞ்சம் மரியாதை கூடுச்சு. டீ வாங்கிக் குடுத்தார்.

போன செவ்வாய்க்கிழமை முதல் பனி. நம்பினா நம்புங்க, கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி வெளிய வெள்ளை, உள்ள திரையில எல்லாம் தெளிவா இருக்கு. கரை, மிதவை, முன்னாடி போற மரப் படகு, எல்லாம். பிரயாணிங்க எல்லாரும் கேபின் வாசல்ல மொய்ச்சுட்டாங்க. தையல்கார அம்மா, "டிவியா? சத்தத்தைக் கொஞ்சம் வைங்க"ன்னாங்க. "ஊமைப் படம்மா, பேசாம பாருங்க"ன்னேன்.

மெக்கானிக்குக்கும் அதே சந்தேகம்தான். "வழக்கமா இது கத்துமே, கோடு வேற சுத்துமே"ன்னார். என் சகலை ரொம்ப அடக்கமானவர், அவர் கைப்பட்ட மிஷினும் அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன்.

அக்கா உங்க கடுதாசியை வாங்கி ரெண்டு தடவை படிச்சா. மடிச்சுத் தன்கிட்டயே வச்சுக்கிட்டா.

பொடிசு இப்ப என்ஜின் பெட்டியை விட்டுட்டு லேப்டாப் பக்கத்துல உக்காந்துக்கறா. யாரையும் தொட விடறதில்ல. "எங்க அப்பா அனுப்புனது"ன்னு சொல்லி வச்சிருக்கா. பல் முளைச்சாச்சு, கோணலா.

எப்ப வரீங்க?

அன்போட,
உங்க சகலை


நவம்பர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வேலை செய்கிறது என்று அறிந்தேன். நல்லது.

ரேடார் வந்தால் பயம் குறையும் என்று நினைத்திருந்தேன். இப்போது காலையில் எழுந்ததும் வானிலையைப் பார்க்கிறேன். உங்கள் பக்கம் மூடுபனி என்று போட்டிருந்தால் தொழிற்சாலையில் கை ஓடுவதில்லை. முதல் நடை மறுகரை சேரும் நேரம் வரை மீட்டரைப் பார்க்கிறேன், எண் மனதில் நிற்பதில்லை. நேற்று ஒரு அளவுமானியைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். மேலதிகாரி, "உடம்பு சரியில்லைன்னா லீவு போடுங்க" என்றார். லீவு போட்டால் வீட்டில் இருக்க வேண்டும்.

கேபிளைத் தினமும் ஒரு முறை அசைத்துப் பாருங்கள். என்ஜின் அதிர்வில் எல்லாமே தளரும். பனி மிக அதிகமாக இருந்தால் அவளை அனுப்பாதீர்கள். ஒரு நாள் பள்ளி போனால் போகட்டும்.

வாரம் ஒரு வரி எழுதுங்கள். "சேர்ந்தோம்" என்று மட்டும் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
சகலை


டிசம்பர் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? உங்களிடமிருந்து கடிதம் இல்லை. நவம்பர் கடைசியில் உங்கள் பக்கம் தொடர்ந்து பனி என்று செய்தியில் சொன்னார்கள்.

தபால் உங்கள் படகில்தான் வரும். கடிதம் வரவில்லை என்றால் படகு வரவில்லை என்று அர்த்தம். வேறு எப்படி யோசித்தாலும் அங்கேயே வந்து நிற்கிறது.

இன்று நானே போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. அங்கே எப்போதும் டவர் பாதிதான் என்று தெரியும். ஆனாலும் மூன்று முறை செய்தேன்.

உடனே எழுதுங்கள்.

சகலை


டிசம்பர் 9

அண்ணா,

நீங்கள் மூவரும் நலமா? இதைத் தவிர எனக்குக் கேட்க எதுவும் இல்லை.

துறைமுக அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"அந்தப் பக்கம் படகு விபத்து ஏதாவது...?"

"அப்படி எந்தத் தகவலும் இல்ல சார்."

"இல்லைன்னா, நல்லபடியா போய் வந்துட்டு இருக்குன்னு அர்த்தமா?"

"தகவல் இல்லைன்னு அர்த்தம் சார்."

பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையம் வரை போனேன். பேருந்து நின்றுகொண்டிருந்தது. நடத்துநர், "ஏறுங்க சார், சீட் இருக்கு" என்றார். ஏறவில்லை. வந்து படகுத்துறையில் இறங்கினால், நிற்பவர்கள் என்னைப் பார்க்கும் பார்வையிலேயே தெரிந்துவிடும். ஆஸ்பத்திரிக் கூடத்தில் அந்தப் பார்வையை ஒரு முறை பார்த்திருக்கிறேன். டாக்டர் வாய் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. இன்னொரு முறை என்னால் முடியாது. கடிதத்தில் என்றால் படிப்பதற்கு முன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்கலாம்.

எதுவானாலும் எழுதுங்கள்.


டிசம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதறேன். முதல்லயே சொல்லிடறேன், மூணு பேரும் உயிரோட நல்லா இருக்கோம். பொடிசு முற்றத்துல குதிச்சுட்டு இருக்கா, சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. இதைப் படிச்சுட்டு ஒரு வாய் தண்ணி குடிங்க. அப்புறம் மேல படிங்க.

நவம்பர் கடைசியில நல்ல பனி. இவர் முதல் நடை எடுத்தார். பொடிசும் கூட இருந்தா, போக வேண்டாம்னேன், கேக்கல. நடுவுல கப்பல் பாதையில நுழையறப்ப திரையில ஒண்ணுமே இல்லையாம். சுத்தமா காலி. தைரியமா நேரா போயிருக்கார். திடீர்னு எங்கேயோ என்ஜின் சத்தம். திரையைப் பார்த்தா காலி. வெளிய பார்த்தா வெள்ளை. அப்புறம் அந்த வெள்ளைக்குள்ளேருந்து பார்ஜோட இரும்புச் சுவர் வந்திருக்கு. ஸ்டீயரிங்கை ஒடிச்சுத் திருப்பிட்டார். பக்கவாட்டுல உரசி, ரெண்டு பலகை போச்சு. பொடிசு விழுந்து தாடையில அடி. தையல் போட்டாங்க, ஆறிடுச்சு. வேற யாருக்கும் ஒண்ணும் இல்ல.

அப்புறம்தான் தெரிஞ்சுது, கேபிள் கழண்டு கிடந்திருக்கு. கழண்டதும் படம் அப்படியே நின்னுடுச்சு. நின்னது யாருக்கும் தெரியல. அவங்க பார்த்துட்டு இருந்தது கொஞ்ச நேரம் முன்னாடி இருந்த தண்ணியை.

மெக்கானிக் வந்து பார்த்தார். "கோடு சுத்திட்டு இருந்திருந்தா, அது நின்னதுமே தெரிஞ்சிருக்கும். கேபிள் கழண்டதுக்குக் கத்தியும் இருக்கும். ரெண்டையும் எவன் அணைச்சு வச்சான்?"னு கேட்டார். இவர் உடனே, "நான்தான். தலைவலியா இருந்துச்சு, அணைச்சுட்டேன்"னார். அப்படி ஒரு திட்டு வாங்கினார்.

உங்களுக்கு எழுதாததும் இவர் முடிவுதான். படகு பழுது பார்க்கப் போயிருச்சு, தபாலும் அதோட நின்னுச்சு. அதைச் சாக்கா வச்சுக்கிட்டார். தெரிஞ்சா நீங்க பொடிசைக் கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு பயம். எனக்கும் அதே பயம்தான், அவர் மேல மட்டும் பழி போடறதுக்கில்ல. உங்க ரெண்டாவது கடுதாசி வேற கரையிலேருந்து வந்த மீன்காரப் படகுல இப்பதான் வந்துச்சு. அதைப் படிச்சதும் இனிமே மறைக்கக் கூடாதுன்னு உக்காந்துட்டேன்.

தம்பி, சத்தத்தை அணைச்சதா நீங்க எழுதின கடுதாசியைப் படிச்ச அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுது. அந்த ஆஸ்பத்திரி ரூம்ல கட்டிலுக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான். சின்னவ மூஞ்சியைவிட அந்த இதயத் துடிப்புத் திரையில ஓடுற கோட்டைத்தானே நாம ரெண்டு பேரும் பார்த்துட்டு இருந்தோம். அந்த பீப் சத்தம் எனக்கும் போகல. கடையில பில் போடுற மிஷின் கத்தினா, சாமானை அப்படியே வச்சுட்டு வெளிய வந்துடறேன். கடைக்காரர் என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பார். அதனால உங்களை ஒரு வார்த்தை கேக்க எனக்கு வாய் வரல. அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். சொல்லல.

இவர்கிட்ட இதைச் சொல்லல. சொன்னாலும் திட்ட மாட்டார்.

படகு சரியாகி வந்தாச்சு. நீங்க வந்து பார்க்கற வரைக்கும் பொடிசை ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டேன். கூட்டிட்டுப் போறதுன்னாலும் அது உங்க பொண்ணு. நான் குறுக்க நிக்க மாட்டேன்.

உங்க அக்கா


டிசம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

தண்ணீர் குடித்துவிட்டுத்தான் படித்தேன்.

அண்ணாவின் பெயரில் இருக்கும் பழி என்னுடையது. மெக்கானிக்கிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் நான் வரும் வரை காத்திருக்க வேண்டாம். மெக்கானிக்கை இன்றே அழைத்து வாருங்கள். திரையின் மேல் மூலையில் இருக்கும் பட்டியலைத் திறந்தால் கோடு, சத்தம் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டையும் போடச் சொல்லுங்கள். லேப்டாப்பின் ஒலியை முழுதாக ஏற்றச் சொல்லுங்கள். கேபிளைப் பூட்டும் கிளிப் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். அவள் ஏறாவிட்டாலும் அண்ணா ஏறுகிறார், தையல்கார அம்மா ஏறுகிறார்.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். இந்த முறை பேருந்தில் ஏறுவேன்.

தாடையில் எந்தப் பக்கம்?

தம்பி


ஜனவரி 4

அன்புள்ள சகலைக்கு,

நீங்க நல்லபடியா ஊர் போய்ச் சேர்ந்தீங்களா? இங்க எல்லாரும் சுகம். அக்காவோட முழங்கால் உள்பட.

கூரையில நீங்க மாட்டின ஒலிபெருக்கி பட்டையைக் கிளப்புது. மிதவை பக்கத்துல போனா கத்துது, மரப் படகு வந்தா கத்துது, பறவைக் கூட்டம் உக்காந்திருந்தாலும் கத்துது. தையல்கார அம்மா காதுல பஞ்சு வச்சுட்டு வராங்க. "அன்னைக்குச் சத்தம் வைங்கன்னு கேட்டீங்களே"ன்னு சொல்லிக் காட்டிட்டேன்.

முதல் தடவை அது கத்துனப்ப நீங்க கேபினை விட்டு வெளிய போய்க் கம்பியைப் பிடிச்சுட்டு நின்னீங்க. நான் பார்க்கலைன்னு நினைச்சுக்கிட்டீங்க. ரெண்டாவது தடவையும் போனீங்க. மூணாவது தடவை கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தீங்க. அப்ப நான் வேணும்னேதான் மிதவையை ஒட்டி ஓட்டினேன். இப்ப சொல்லிட்டேன், திட்டறதுன்னா திட்டுங்க.

அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டா. எனக்கு ஒண்ணும் இல்ல சகலை. அந்தப் பேச்சை விடுங்க.

ஆனா ஒண்ணு. நீங்க வந்த அன்னைக்கே அக்கா பொடிசோட துணியெல்லாம் மடிச்சுப் பெட்டியில வச்சுட்டா. நீங்க கேப்பீங்கன்னு இருந்தா. நீங்க கேக்கல. இருக்கட்டும்னும் சொல்லல. பொடிசைக் கொஞ்ச நேரம் பார்த்தீங்க, தாடையைத் தொட்டீங்க, கிளம்பிட்டீங்க. இப்ப பெட்டி நடுக்கூடத்துல கிடக்கு. எடுத்து வைக்கவும் மனசு வரல, மூடி வைக்கவும் மனசு வரல. தினம் அதுலேருந்து ஒரு சட்டையை எடுத்து மாட்டிவிட்டு, துவைச்சு மறுபடியும் அதுக்குள்ளேயே வைக்கறா. அக்கா சரியா சாப்பிடறதில்ல.

எதுவா இருந்தாலும் ஒரு வரி எழுதிடுங்க. நாங்க தாங்கிப்போம்.

அன்போட,
உங்க சகலை


ஜனவரி 26

அன்புள்ள அண்ணாவுக்கும் அக்காவுக்கும்,

நீங்கள் நலம் என்று எனக்குத் தெரியும். காலையில்தான் அண்ணாவைப் பார்த்தேன். இருந்தாலும் பேசினால் பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

பெட்டியில் இருப்பதை எல்லாம் எடுத்து அலமாரியில் வையுங்கள். அவள் அங்கேதான் இருக்கப் போகிறாள். அங்கே வந்தபோது அதைச் சொல்லாமல் போனதற்குக் காரணம், இந்தக் கரையில் எனக்கு வேலை கிடைக்குமா என்று தெரியவில்லை. தொழிற்சாலையில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். மெக்கானிக்கிடம் ரேடாரின் சத்தத்தை அணைத்தது நான்தான் என்று சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு, "இனிமே அணைக்க மாட்டீங்கல்ல? அப்ப திங்கக்கிழமை வந்துடுங்க" என்றார். பட்டறைக்கு மேலே ஒரு அறை கொடுத்திருக்கிறார். சுவரெல்லாம் டீசல் வாசனை. ஜன்னலைத் திறந்தால் படகுத்துறை. அண்ணாவிடம் இதையெல்லாம் ஒரு வாரமாக மறைத்ததற்கு மன்னிக்க வேண்டும். இன்று காலை துறையில் என்னைப் பார்த்ததும் அவர் கயிற்றைத் தண்ணீரில் விட்டுவிட்டாரே, அதற்கும்.

அவளுக்கு அங்கே வீடு இருக்கிறது. அதிலிருந்து பிடுங்கி, நான் திரும்பிவரும் வரை பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போக எனக்கு மனமில்லை. நீங்கள் அந்தக் கரையில் ஏற்றிவிடுங்கள். நான் இந்தக் கரையில் இறக்கிக்கொள்கிறேன். பள்ளி முடிந்ததும் என் அறையில் இருக்கட்டும். மாலை நடையில் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

பயம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். இன்று நல்ல பனி. துறையில் நின்றால் என் செருப்பே எனக்குத் தெரியவில்லை. படகு கிளம்பியிருக்குமா, பாதையைத் தாண்டியிருக்குமா என்று நின்றுகொண்டிருந்தேன். ஓடிவிடலாம் போலிருந்தது. அப்போது வெள்ளைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. பீப், பீப், பீப். துறைக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். அது எதைப் பார்த்துக் கத்துகிறது என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. துறையைப் பார்த்துத்தான். வளையத்துக்குள் கரை வந்துவிட்டது. சேர்ந்துவிட்டார்கள்.

படகு ஒட்டியதும் அவள் இறங்கினாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, ஓடி வந்து கட்டிக்கொள்ளவும் இல்லை. தோளிலிருந்த பையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "வெயிட்டா இருக்குப்பா" என்றாள். பிறகு பள்ளிக்கூடத்துக்கு வழி காட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அன்புடன்,
உங்கள் தம்பி